நாங்களும் நாமும்: இடையன்குடியில் ஒரு குருவானவர் குடும்பம்



இரண்டு சிறிய சொற்களிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். ஒன்று ‘நாங்கள்’, மற்றொன்று ‘நாம்’. வகுப்பறையில் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, நாங்கள் நூலகத்துக்குப் போகிறோம்” என்று சொன்னால், ஆசிரியர் தம் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கலாம். “ஐயா, நாம் நூலகத்துக்குப் போகிறோம்” என்று சொன்னாலோ, ஆசிரியரும் எழுந்துதான் ஆகவேண்டும். கேட்பவரை வெளியே நிறுத்துவது முதற்சொல். உள்ளே அழைத்துக்கொள்வது இரண்டாவது சொல். இவ்வாறு முன்னிலையாரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் பன்மைக்கு நம் இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர்.

இந்த வேறுபாடு மலேசிய மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். மலாய் மொழியில் ‘காமி’ என்றால் நாங்கள். ‘கீத்தா’ என்றால் நாம். (நம் பாட்டன்மார் தோட்டத்தில் பால் வெட்டிய கித்தா வேறு, இந்தக் கீத்தா வேறு.) ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் சேர்த்து ‘வீ’ என்னும் ஒரே சொல்தான் உண்டு. அந்த ஒரே சொல்லோடு பிறந்து வளர்ந்த ஒருவர், இரண்டு சொற்களைக் கொண்ட ஒரு மொழிக்குள், தொலைதூரத்துச் சிற்றூர் ஒன்றில், குடும்பத்தோடு குடியேறினார். அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய இராபர்ட்டு கால்டுவெல். ஊர், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள இடையன்குடி.

ஒப்பிலக்கண ஆசிரியராகக் கால்டுவெல்லை நாம் நன்கு அறிவோம். தேர்வுக்காகவேனும் அவர் பெயரையும் நூலையும் மனனம் செய்திருக்கிறோம். அந்நூல் உருவான வீட்டைப் பற்றி நாம் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வீட்டில் ஒரு மனைவி இருந்தார், பிள்ளைகள் வளர்ந்தார்கள், வாசலுக்கு வெளியே பனையேறும் மக்களின் ஊர் இருந்தது. அந்தக் குடும்பம் அந்த ஊரோடு எவ்வாறு பொருந்தியது, எவ்விடத்தில் பொருந்தத் தவறியது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஊரும் வந்தவரும்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வளர்ந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் 1838ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் வந்து இறங்கினார். மூன்றாண்டுகளுக்கு மேல் சென்னையில் தமிழ் கற்றார். பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த நற்செய்தி பரப்புக் கழகத்தில் இணைந்து, 1841ஆம் ஆண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். அப்பயணத்தை அவர் பெரும்பாலும் நடந்தே மேற்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை என ஊர் ஊராக நடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். பல்லக்கிலோ குதிரையிலோ சென்றிருந்தால் மக்களின் பேச்சு அவர் காதில் அந்த அளவுக்கு விழுந்திருக்காது. சென்னைத் தமிழும் தஞ்சைத் தமிழும் நெல்லைத் தமிழும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் கால்நடையாகவே கேட்டறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இடையன்குடி என்னும் பெயருக்கு இடையர்களின் குடியிருப்பு என்பது பொருள். ஆயினும் கால்டுவெல் வந்த காலத்தில் அவ்வூரின் வாழ்வு பனையைச் சுற்றியே அமைந்திருந்தது. கடலுக்கு அணித்தான வறண்ட நிலம் அது. அப்பகுதியில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைத் ‘தேரி’ என்பார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தேரியின் மணல் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். நெல்வயலும் ஆற்றுப்பாய்ச்சலும் இல்லாத அந்நிலத்தில் வேர்விட்டு நிற்கும் மரம் பனை. ஆண்கள் இடுப்பில் பாளை அரிவாளைச் செருகிக்கொண்டு காலையும் மாலையும் மரம் ஏறுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதனை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். பதநீர்ப் பருவத்தில் சிறுவரும் சிறுமியரும் சுள்ளி பொறுக்கவும் கலயம் சுமக்கவும் போவார்கள். அம்மாதங்களில் பள்ளிக்கூடத்தின் மணியைவிடப் பனையின் பருவமே ஊரை ஆளும்.

அந்த ஊருக்குக் கிறித்தவம் புதிதன்று. கால்டுவெல்லுக்கு முன்னரே தமிழ் உபதேசியார்கள் அப்பகுதியில் பணியாற்றியிருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு 1799ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. ஆகவே கால்டுவெல் வெற்றிடம் ஒன்றில் வந்து இறங்கவில்லை. தமக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஒரு வாழ்க்கைக்குள் அவர் நுழைந்தார். நுழைந்தவர் தமக்குத் தெரிந்த ஒழுங்கை அங்கே உண்டாக்க முனைந்தார். நேரான தெருக்கள் வகுத்தார், கிணறுகள் தோண்டச் செய்தார், மரங்கள் நட்டார், பள்ளி அமைத்தார். இன்றும் இடையன்குடிக்குச் செல்வோர் அத்தெருக்களின் ஒழுங்கைக் காணலாம். ஓர் ஊரைச் சீர்ப்படுத்துவது நன்று. ஆனால் சீர்ப்படுத்துகிறவர் பேசும்போது எந்தத் தன்மைப் பன்மையைப் பயன்படுத்துகிறார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். “நாங்கள் உங்களுக்குத் தெரு அமைத்துத் தருகிறோம்” என்பது ஓர் உறவு. “நாம் தெரு அமைப்போம்” என்பது வேறோர் உறவு.

எலைசாவின் தமிழ்

1844ஆம் ஆண்டு கால்டுவெல் திருமணம் செய்துகொண்டார். மணமகள் எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட் என்னும் குருவானவரின் மகள். தாய் மார்த்தா மால்ட், நாகர்கோவில் பகுதிப் பெண்களுக்குக் கல்வியும் லேஸ் பின்னும் கைத்தொழிலும் கற்பித்தவர்.

எலைசா நாகர்கோவிலிலேயே வளர்ந்தவர். கணவர் இலக்கண நூலின் துணையோடு தமிழுக்குள் வந்தார். மனைவியோ குழந்தைப் பருவத்திலிருந்தே பேச்சுத்தமிழைக் காதால் கேட்டு, வாயால் பேசி வளர்ந்தவர். ஆயினும் இடையன்குடி அவருக்கும் புதிய இடமே. நாஞ்சில் நாட்டின் குளங்களையும் நெல்வயல்களையும் பார்த்துப் பழகிய கண்கள் செம்மணல் தேரிக்குப் பழக வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் எல்லையைக் கடந்து, ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டத்துக்கு அவர் வந்தார். தந்தையின் திருச்சபை மரபு ஒன்று, கணவரின் மரபு மற்றொன்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் அவரிடம் மாறாமல் இருந்தது தமிழ்.

ஒரு குருவானவர் ஊர்ப் பெண்களோடு நேரில் அமர்ந்து நெடுநேரம் உரையாடுவது அக்காலத்து வழக்கம் அன்று. ஊரின் பாதி, அவர் காதுக்கு எட்டாத பாதி. அந்தப் பாதியோடு பேசியவர் எலைசா. அவர் இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் தம் தாய் தொடங்கிய லேஸ் பின்னலை இங்கும் கொண்டுவந்து கற்பித்தார். எழுத்தறிவு என்பது பெண்ணுக்கு உரியதே அன்று என்று கருதப்பட்ட காலத்தில், அச்சிறுமியர் எழுதவும் படிக்கவும் கற்றார்கள். பின்னல் வேலையால் வந்த கூலி பெண்ணின் கையிலேயே விழுந்தது. பெற்றவரிடமோ கணவரிடமோ கேட்டு வாங்கும் காசு வேறு. தன் விரல்கள் ஈட்டிய காசு வேறு. கிராமத்து வாழ்வை அறிந்தவர்கள் இந்த வேறுபாட்டின் எடையை உணர்வார்கள்.

பின்னல் கற்பிக்கும் திண்ணையைக் கற்பனை செய்து பார்ப்போம். நூலும் ஊசியும் ஓடிக்கொண்டிருக்கும், பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும். கண்கள் வேலையில் இருக்க, வாய் ஊர்க்கதையில் இருக்கும். பேறுகாலம், பிள்ளையின் காய்ச்சல், மாமியார் வீட்டுச் சச்சரவு, கருப்பட்டி விலை என அனைத்தும் அங்கே வரும். அச்சிடப்பட்ட எந்த இலக்கண நூலிலும் கிடைக்காத தமிழ் அது. ஒப்பிலக்கணத்தின் முகப்பில் ஒருவர் பெயரே உள்ளது. ஆயினும் அந்நூலாசிரியரின் வீட்டில், சமையலறை முதல் பள்ளித் திண்ணை வரை, தமிழை உயிர்ப்போடு வைத்திருந்தவர் எலைசா என்பதை நாம் மறத்தல் தகாது. தமிழாய்வு வரலாற்றை எழுதும்போது இத்தகைய வீட்டுத் துணைவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பையேனும் நாம் ஒதுக்கியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலக்கணத்தில் ஒரு பகுதி

உடல்நலம் குன்றியதால் கால்டுவெல் 1854ஆம் ஆண்டு விடுப்பில் தாயகம் சென்றார். அவ்விடுப்புக் காலத்தில், 1856ஆம் ஆண்டு, இலண்டனில் ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875ஆம் ஆண்டு வெளிவந்தது. தென்னாட்டு மொழிகள் ஓரினத்தைச் சேர்ந்தவை என்னும் கருத்தை அவருக்கு முன்பே, 1816ஆம் ஆண்டில், பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் எடுத்துரைத்திருந்தார். அக்கருத்தை ஒலி, வேர்ச்சொல், பெயர், வினை என உறுப்பு உறுப்பாக விரித்து நிறுவியது கால்டுவெல்லின் உழைப்பு.

திராவிட மொழிகளைச் சமஸ்கிருதத்திலிருந்து பிரித்துக் காட்டும் இயல்புகளை அவர் அந்நூலில் நிரல்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று, தன்மைப் பன்மை இரண்டாக இருப்பது. தமிழில் நாம், நாங்கள். தெலுங்கில் மனமு, மேமு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். சமஸ்கிருதத்தில் இவ்வாறு இல்லை. அவருடைய தாய்மொழியான ஆங்கிலத்திலும் இல்லை.

ஓர் அறிஞர் இத்தகைய வேறுபாட்டை இரண்டு வழிகளில் அறியலாம். ஏட்டில் படித்து அறிவது ஒரு வழி. ஊர் நடுவே நின்றுகொண்டு, வாயில் தவறான சொல் வந்து, எதிரே நிற்பவரின் முகம் மாறுவதைக் கண்டு அறிவது மற்றொரு வழி. புதிதாகத் தமிழ் கற்கும் எவரும் இந்த இரண்டாம் வழியைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் பேசுபவர் இவ்விரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுவதை நம் வகுப்பறைகளிலும் அன்றாடம் கேட்கிறோம்.

நெல்லைச் சீமையில் விருந்தினரை வீட்டுக்கு அழைப்பவர் “எங்க வீட்டுக்கு வாங்க” என்றும் சொல்லலாம். “நம்ம வீட்டுக்கு வாங்க” என்றும் சொல்லலாம். வீடு அழைப்பவருக்கு உரியது. ஆவணத்திலும் அவர் பெயரே இருக்கும். ஆயினும் ‘நம்ம’ என்று சொல்லும்போது அந்த வீட்டின் ஒரு பங்கு சொல்லளவில் விருந்தினருக்கும் எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஒரு குடும்பம் ஓர் ஊருக்குப் பழகிவிட்டதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? உணவு ஒத்துக்கொண்டதா, வெயில் பழகிவிட்டதா என்பவை உடலின் அளவுகள். அந்த ஊர் தன் வாயால் ‘நம்ம’ என்று சொல்லத் தொடங்கியதா என்பதே உறவின் அளவு.

மன்றாட்டின் மொழி

குருவானவர் பணியில் இவ்விரு சொற்களும் வேறொரு வகையிலும் வந்து நிற்கின்றன. ஆங்கில மன்றாட்டு ஒன்றைத் தமிழாக்குபவர், ‘நம்முடைய’ என்பதா ‘எங்களுடைய’ என்பதா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். இறைவனை முன்னிலைப்படுத்தி வேண்டும்போது ‘எங்கள்’ என்றே வருதல் வேண்டும். ‘நம்’ என்று போட்டால், பாவம் செய்தவர்களின் கூட்டத்தில் இறைவனையும் சேர்த்துக்கொண்டதாகிவிடும். அதே குருவானவர் மறுபுறம் திரும்பிச் சபையாரை நோக்கிப் பேசும்போது நிலைமை மாறுகிறது. இப்போது ‘எங்கள் பாவங்கள்’ என்றால், தம்மையும் தம்மைச் சார்ந்தவரையும் மட்டும் குறிப்பதாகிவிடும். ‘உங்கள் பாவங்கள்’ என்றால், தாம் மேலே நிற்பதாகிவிடும். ‘நம் பாவங்கள்’ என்று சொல்லும்போதுதான், வெள்ளைக்காரக் குருவானவரும் பனையேறும் தொழிலாளியும் ஒரே பாயில் அமர்கிறார்கள்.

விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹென்றி பவர் முன்னின்று நடத்த நடைபெற்றது. அத்திருத்தக் குழுவில் கால்டுவெல்லும் ஓர் உறுப்பினர். மன்றாட்டு நூலின் தமிழாக்கத்தைத் திருத்தும் பணியிலும் அவர் பங்கு கொண்டார். எந்த இடத்தில் நாம், எந்த இடத்தில் நாங்கள் என்னும் தேர்வு அவருக்கு வெறும் இலக்கண நுட்பமாக இருந்திருக்க முடியாது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று, முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது.

‘அவர்கள்’ என்று எழுதிய நூல்

இதுவரை கூறியவற்றால், கால்டுவெல் குடும்பம் இடையன்குடியோடு முழுமையாகக் கலந்துவிட்டது என்னும் எண்ணம் நமக்கு ஏற்படலாம். வரலாறு அவ்வளவு எளிதாக அமையவில்லை. கசப்பான ஒரு செய்தியையும் நாம் நேர்மையோடு பேசியாக வேண்டும்.

ஊருக்கு வந்து எட்டாண்டுகள் ஆன நிலையில், 1849ஆம் ஆண்டு, அவ்வூர்ப் பனையேறும் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது இலண்டனிலும் அச்சாயிற்று. இங்கிலாந்தில் இருந்த சமயப்பணி ஆதரவாளர்களுக்கு அம்மக்களின் நிலையை விளக்குவதே அதன் நோக்கம். அதில் அம்மக்களின் உழைப்பையும் பழக்கவழக்கங்களையும் விரித்துரைத்த அவர், அவர்களுடைய அறிவாற்றலையும் நாகரிகத்தையும் மிகத் தாழ்வாக மதிப்பிட்டு எழுதினார். நாள்தோறும் தம் வாசலில் வந்து நின்றவர்களை, தம் மனைவியிடம் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைகளின் பெற்றோரை, அந்நூலின் பக்கங்களில் அவர் தொலைவிலிருந்து பார்த்தார். அங்கே நாம் என்பதும் இல்லை. நீங்கள் என்பதும் இல்லை. படர்க்கை மட்டுமே இருந்தது. ‘அவர்கள் இத்தகையவர்கள்’ என்று, அவர்களை ஒருபோதும் சந்திக்காத வாசகர்களுக்கு, அவர்களால் படிக்க இயலாது என்று கருதப்பட்ட ஒரு மொழியில் எழுதப்பட்ட நூல் அது.

அக்கருத்து நிலைக்கவில்லை. கால்டுவெல்லைப் போன்றோர் அமைத்த பள்ளிகளிலேயே அச்சமூகத்தின் பிள்ளைகள் கல்வி கற்றார்கள், ஆங்கிலமும் கற்றார்கள். தங்களைப் பற்றி எழுதப்பட்டதைத் தாங்களே படித்தார்கள். வணிகத்தாலும் கல்வியாலும் தலைநிமிர்ந்த அவர்கள், 1880களில் அந்நூலுக்கு எதிராகக் கடுமையான எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். முடிவில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. கல்வி கொடுத்தவர் தாம் எழுதியதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கணக்குக் கேட்கும் ஆற்றலை அக்கல்வியே அவர்களுக்குத் தந்திருந்தது.

இந்நிகழ்ச்சியைச் சொல்வதால் ஒப்பிலக்கணத்தின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அம்மக்களுக்குச் செய்யும் தீங்காகும். மேலும் இதில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. ஒருவர் ஒரு மொழியை ஆழமாக அறிந்திருக்கலாம். அதன் ஒவ்வொரு விகுதியையும் பகுத்துக் காட்டலாம். அம்மொழியைப் பேசும் மக்களைத் தாழ்வாக மதிப்பிடும் பிழையை அவரும் செய்யக்கூடும். மொழியறிவு தானாகவே மக்களறிவு ஆகிவிடாது. தன்மைப் பன்மை இரண்டு என்று நூலில் எழுதியவருக்கே, அவ்விரண்டில் எதனுள் தாம் நிற்கிறோம் என்பது நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்திருக்கிறது.

‘நாம்’ என்னும் சொல்லையும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ள இயலாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசர்கள் தம்மை ‘நாம்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். மேலதிகாரி ஒருவர், “நாளைக்குள் நாம் இதை முடித்துவிடுவோம்” என்றால், முடிக்கப் போகிறவர் யார் என்பது அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும். வலியவர் சொல்லும் ‘நாம்’ சில வேளைகளில் ஆணையின் மறுபெயர். எனவே வந்தவர் ‘நாம்’ என்று சொல்வது போதாது. இருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லும் நாள் வரவேண்டும். அது வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வந்தவருக்கு வேண்டும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள்

பொறுமைக்கு இடையன்குடியிலேயே ஒரு சான்று எழுந்து நிற்கிறது. அங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தின் கட்டுமானம் 1847ஆம் ஆண்டு தொடங்கியது. அது நிறைவுற்று அருட்பொழிவு செய்யப்பட்டது 1880ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் 33 ஆண்டுகள். இளமையில் ஓவியக் கலை பயின்றிருந்த கால்டுவெல், சாளரங்களின் வேலைப்பாட்டுக்குத் தாமே களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்தார் என்பர். ஊர்க் கொத்தனார்கள் அம்மாதிரியைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். அடித்தளம் இட்டபோது கல் சுமந்தவர்களுள் பலர், மணி ஒலித்தபோது பாட்டன்மார் ஆகியிருப்பார்கள். அதே 33 ஆண்டுகளுக்குள்தான் ஒப்பிலக்கணத்தின் இரண்டு பதிப்புகளும் வெளிவந்தன. 1876 முதல் 1878 வரையிலான கொடும்பஞ்சமும் வந்துபோயிற்று. 1877ஆம் ஆண்டு கால்டுவெல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

முதுமையில் கால்டுவெல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். 1891ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வு பெற்று, அவ்வாண்டு ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்திருக்கலாம்; அது குளிர்ந்த மலை, ஆங்கிலேயர் பலர் வாழ்ந்த இடம். ஆனால் உடலை மலையிலிருந்து இறக்கி, நெடுந்தொலைவு சுமந்து, இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் கட்டிய ஆலயத்தினுள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய மகளை மணந்த ஜே. எல். வயட், 1894ஆம் ஆண்டு மாமனாரின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தார்.

அவர் நூலை எதிர்த்து விண்ணப்பம் அனுப்பிய சமூகமும், அவர் கல்லறையைத் தன் ஆலயத்தினுள் காத்துவரும் சமூகமும் வேறு வேறு அல்ல. இவ்விரண்டையும் முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. அயலார் ஒருவர் நம்மைப் பற்றித் தவறாக எழுதினால் புறக்கணித்துவிடுவோம். நம்மோடு வாழ்ந்தவர் எழுதினால்தான், “நீங்களா இப்படி எழுதினீர்கள்?” என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியும் ஒருவகையில் ஊர் அவரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதன் அடையாளமே. திருநெல்வேலிச் சபைகளில் குருவானவரை ‘ஐயர்’ என்று அழைப்பது மரபு. ‘கால்டுவெல் ஐயர்’ என்னும் பெயர் அப்பகுதி மக்களின் வாயில் இன்றும் வழங்குகிறது. சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, அவருக்குச் சிலை எழுந்தது. அவர் வாழ்ந்த இடையன்குடி வீடு 2011ஆம் ஆண்டு தமிழக அரசின் நினைவில்லம் ஆயிற்று. சிலையைவிட அந்த வீடே நம் பேச்சுக்குப் பொருத்தமானது. சிலையில் ஒருவர் மட்டுமே நிற்கிறார். வீட்டில் எலைசாவும் பிள்ளைகளும், வாசலுக்கு வந்துபோன ஊராரும் நம் நினைவுக்கு வருகிறார்கள்.

நமக்குரிய பாடம்

அந்த இரண்டாம் மாநாட்டுக்கு முந்திய முதல் உலகத் தமிழ் மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்றது என்பதை மாணவர்கள் அறிவார்கள். தனிநாயகம் அடிகளார் அதை முன்னின்று நடத்தினார். தமிழை உலக மொழிகளோடு வைத்து ஆராயும் மரபுக்கு இம்மண்ணிலும் வேர் உண்டு. ஆதலால் இடையன்குடிக் கதை நமக்கு அயலார் கதை அன்று.

இந்த அவையில் அமர்ந்திருக்கும் இளம் ஆசிரியர்களுள் சிலர் நகரத்தில் பிறந்து வளர்ந்து, தொலைவில் உள்ள தோட்டப் பள்ளிக்கோ சிற்றூர்ப் பள்ளிக்கோ மாற்றலாகிச் செல்லப் போகிறீர்கள். சிலர் மனைவி மக்களோடு செல்வீர்கள். கடை தொலைவில் இருக்கும். கைப்பேசித் தொடர்பு விட்டு விட்டு வரும். இவையெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். ஆசிரியர் அறையில் பேசும்போது நம் வாயில் எந்தச் சொல் வருகிறது என்பதைக் கவனிப்பதுதான் கடினம். “இந்தப் பிள்ளைகள் இப்படித்தான், இவர்களுடைய பெற்றோர் இப்படித்தான்” என்று பேசத் தொடங்கினால், 1849ஆம் ஆண்டின் அந்தச் சிறுநூலை நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். அச்சிடப்படாத நூல் அது. ஆனால் பிள்ளைகள் அதனைப் படித்துவிடுவார்கள். நம் முகத்திலிருந்தே படித்துவிடுவார்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சிறு வேலை உண்டு. பள்ளிச் சபைகூடலில் உங்கள் தோழர்களை நோக்கிப் பேசும்போது, “நாங்கள் அனைவரும் தமிழில் பேசுவோம்” என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். எதிரே நிற்கும் தோழர்களை அந்தச் சொல் வெளியே தள்ளிவிடுகிறது. ‘நாம்’ என்று அதைத் திருத்துங்கள். அடுத்து, ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்து, அதில் ‘வீ’ வரும் இடங்களையெல்லாம் அடையாளமிட்டு, ஒவ்வோரிடத்திலும் நாம் என்பதா நாங்கள் என்பதா என்று காரணத்தோடு எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள், மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் மாற்றுவது அன்று, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று முடிவு செய்வது என்பது உங்களுக்கே புலப்படும். மலாய்ப் பத்தியில் அம்முடிவைக் காமியும் கீத்தாவும் முன்பே செய்து வைத்திருப்பதையும் காண்பீர்கள்.

செம்மணல் ஊர் ஒன்றில் ஒரு குருவானவர் குடும்பம் அரை நூற்றாண்டுக் காலம் தமிழோடு வாழ்ந்தது. தலைவர் தமிழின் இலக்கணத்தை எழுதினார். தலைவி தமிழைப் பேசினார். ஊர் அவர்களுக்குத் தமிழைக் கற்பித்தது. அவர் தவறியபோது தவறு என்று சொன்னது. மறைந்தபோது தன் ஆலயத்தில் இடம் கொடுத்தது. அவர்கள் வாழ்வில் நாங்கள் என்பது நாம் ஆவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அது முழுமையாக ஆயிற்றா என்பதை இடையன்குடி மக்களே சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் அதற்கு அவ்வளவு காலம் ஆகாதிருக்கட்டும்.